ஆட்டோ அசால்ட் ஏன் மூடப்பட்டது? விமர்சனங்கள் சொன்னதும் சொல்லாததும்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் கேம் விமர்சனங்களைப் பற்றி புராஜெக்ட் செய்கிறாராம். அவருடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து எப்போதோ கொண்டுவந்த பெட்டிக்குள் ‘ஆட்டோ அசால்ட்’ என்ற டிஸ்க் கிடைத்திருக்கிறது. தேடிப் பார்த்தால் அன்றைய விமர்சனங்கள் மோசமில்லை. ஆனால் 2006இல் வந்த கேமை 2007இலேயே இழுத்து மூடிவிட்டார்கள். “விமர்சகர்கள் தப்பாகக் கணித்தார்களா, இல்லை வாங்கியிருக்க வேண்டியவர்கள் வாங்காமல் விட்டார்களா? இந்த டிஸ்க் இப்போது ஓடுமா அண்ணா?” என்பது அவர் கேள்வி.

டிஸ்க் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஓடாது தம்பி. இன்ஸ்டால் ஆனாலும் ஆகலாம், ஆனால் உள்ளே நுழைய சர்வர் வேண்டும். அந்த சர்வரை 2007 ஆகஸ்ட் 31ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். இணையம் இல்லாமல் தனியாக உட்கார்ந்து ஆடும் வசதி அதில் கிடையாது. அட்டைப்படத்தை ஸ்கேன் செய்து புராஜெக்டில் ஒட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் பயன்.

இப்போது பெரிய கேள்வி. அந்தக் காலத்தில் நான் கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கேம் செய்திகளைப் படிப்பதற்கென்றே சில மணி நேரம் ஒதுக்குகிற ஆள். ஆட்டோ அசால்ட்டை சென்னையில் ஒரு நண்பரின் கணக்கில் கொஞ்சம் ஓட்டியும் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்: விமர்சகர்கள் எழுதியது பெரும்பாலும் சரி. குறைகளை எல்லாம் பிடித்துத்தான் எழுதினார்கள். கீழே போட்ட மதிப்பெண்தான் அந்தக் குறைகளின் எடையைக் காட்டவில்லை. தனியாக ஆடும் கேமில் கொஞ்சம் மதிப்பெண்ணைக் குறைக்கிற ஒரு குறை, மாதாமாதம் பணம் கட்டி ஆடும் கேமில் உயிரையே வாங்கிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த விமர்சனங்களைத் திரும்பப் படித்தால் பல விஷயம் பிடிபடும்.

கேம் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். செய்தது நெட்டெவில் என்ற அமெரிக்க நிறுவனம், கொலராடோ மாநிலத்துக்காரர்கள். அதற்கு முன் 2001இல் ‘ஜம்ப்கேட்’ என்று விண்கலம் ஓட்டும் ஆன்லைன் கேம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். வெளியிட்டது தென் கொரியாவின் என்சிசாஃப்ட். ‘லீனியேஜ்’ என்ற ஆன்லைன் கேம் மூலம் பெரிய ஆளான நிறுவனம் அது. ஆட்டோ அசால்ட் வந்தது 2006 ஏப்ரலில். அழிந்துபோன எதிர்கால பூமி, அதில் மனிதர்கள், மாறிப்போன உடம்புக்காரர்களான மியூட்டன்ட்கள், பாதி இயந்திரமான பயோமெக்குகள் என்று மூன்று கட்சிகள். ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்து, கார், மோட்டார் சைக்கிள், டிரக், டாங்கி என்று ஏதாவது ஒன்றில் ஏறி, கூரையில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கத்தி, கேடயம், மந்திரக்கோல் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களில் என்னவெல்லாம் இருக்குமோ (லெவல், அனுபவப் புள்ளி, மிஷன், கீழே விழும் பொருட்களைப் பொறுக்குவது) அதெல்லாம் இதிலும் உண்டு. ஆள் நடக்கிற இடத்தில் வண்டி ஓடும், அதுதான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் சின்னதில்லை. 2006இல் மாதச் சந்தா கேம் என்றாலே குட்டிச்சாத்தான், டிராகன், கோட்டை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு டிரக் வந்தால் விமர்சகருக்குப் பிடிக்காமல் போகுமா? பிடித்தது. பாராட்டுகளில் முதல் இடம் இடிப்பதற்குத்தான். ஹாவோக் என்ற இயற்பியல் எஞ்சினை (பொருட்கள் மோதுவதையும் விழுவதையும் கணக்கிடும் மென்பொருள்) வைத்துச் செய்திருந்தார்கள். வேலி, கம்பம், குடிசை, கோபுரம், கட்டடம் என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதியை இடிக்கலாம், சுட்டுத் தகர்க்கலாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வர அய்யம்பேட்டையிலும் பாபநாசத்திலும் பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து பழகிய நமக்கு, எதிரே நிற்பதை இடித்துத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று ஒரு கேம் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கும். இடித்தவற்றிலிருந்து பொருட்களும் விழும். அதனால் இடிப்பது வெறும் வேடிக்கையாக நின்றுவிடாமல் வருமானமாகவும் ஆனது. இந்த இணைப்பை அன்றைய விமர்சகர்கள் நன்றாகவே கவனித்தார்கள்.

இரண்டாவது பாராட்டு வேகத்துக்கு. மற்ற ஆன்லைன் கேம்களில் ஒரு பன்றியைக் கொல்ல நின்ற இடத்திலேயே நின்று மூன்று பொத்தானை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். இதில் ஓடிக்கொண்டே சுடலாம், கூட்டத்துக்குள் வண்டியை விட்டு அரைக்கலாம். முதல் அரை மணி நேரத்திலேயே ஆட்டம் சூடு பிடித்துவிடும்.

சரி, எல்லாம் சேர்த்து எவ்வளவு கிடைத்தது? பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு எழுபதைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பரீட்சை என்றால் முதல் வகுப்பு. ஆனால் கேம் விமர்சனத்தில் எழுபது என்பதற்கு வேறு பொருள். ஐம்பதுக்குக் கீழே போவதெல்லாம் உடைந்துபோன கேம்கள். நல்ல தயாரிப்பு என்றால் எண்பதைத் தாண்டிவிடும். நடுவில் இருக்கிற எழுபது, “குறை சொல்ல மனசு வரவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கச் சொல்ல மாட்டேன்” என்கிற இடம். மெட்டாகிரிட்டிக்கே அந்த வரிசையை ‘கலவையான அல்லது சராசரி’ என்றுதான் வகைப்படுத்துகிறது.

குறைகளுக்கு வருவோம், பதில் அங்கேதான் இருக்கிறது. முதல் குறை மிஷன்கள். போய் பத்துப் பேரைச் சுட்டுவிட்டு வா, அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு வா, இந்தப் பொருளைப் பொறுக்கிக்கொண்டு வா. வண்டியில் போனாலும் நடந்து போனாலும் வேலை ஒன்றுதான். புது வாகனத்தில் பழைய வேலையையே கொடுத்தார்கள் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதினார்கள்.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. சண்டையில் உண்மையில் முடிவு செய்வது ஓட்டுகிறவரின் கையா, கணக்குப் புத்தகமா? துப்பாக்கிக்கு ஒரு வீச்சுக்கோணம் இருக்கும். எதிரி அந்தக் கோணத்துக்குள் வந்து, நீங்கள் குறிவைத்துவிட்டால், பட்டதா இல்லையா, எவ்வளவு சேதம் என்பதை உங்கள் லெவலும் ஆயுதத்தின் எண்களும் தீர்மானிக்கும். ரோல்-பிளேயிங் கேம் (ஒரு பாத்திரத்தை எடுத்து லெவல் லெவலாக வளர்க்கும் வகை) என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், அது நியாயம். ஆனால் கார் ஓட்டத் தெரிந்தவருக்கு அது ஏமாற்றம். அழகாக வளைத்து, சறுக்கி, எதிரியின் பின்னால் வந்தாலும், லெவல் குறைவு என்றால் அடி உறைக்காது. அப்புறம் என்ன ஆகிறது? ஓட்டுவதை விட்டுவிட்டு, எதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதே சண்டை என்று ஆகிவிடுகிறது. கார் கேம் ரசிகருக்கு இது கார் கேமாகப் போதவில்லை. ரோல்-பிளேயிங் ரசிகருக்கோ, தன் ஆள் முகம் தெரியாமல் எப்போதும் வண்டிக்குள்ளேயே இருக்கிறார். ஊருக்குள் மட்டும் இறங்கி நடக்கலாம், அதுவும் கடைக்குப் போகவும் மிஷன் வாங்கவும்தான்.

ஏன் ஓட்டும் திறமைக்கு முழு இடம் கொடுக்கவில்லை என்று கேட்கலாம். இங்கே விமர்சகர்கள் அதிகம் தொடாத ஒரு பொறியியல் காரணம் உண்டு. நீங்கள் கணினிப் படிப்பு என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் நகரும். நம் ஊரிலிருந்து அமெரிக்க சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப 300 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்துக்குள் வண்டி 8 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அமெரிக்காவுக்குள்ளேயே 100 மில்லிவிநாடி தாமதம் என்றாலும் கிட்டத்தட்ட 3 மீட்டர். அதாவது உங்கள் திரையில் தெரிகிற எதிரி வண்டி அங்கே இல்லை. கொஞ்சம் முன்னால் எங்கேயோ இருக்கிறது. நடந்து போகிற மந்திரவாதிக்கு இந்தத் தாமதத்தில் அரை மீட்டர்கூட வித்தியாசம் வராது, அதனால் அந்த கேம்களில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. வண்டி என்றால் மறைக்கவே முடியாது. அடுத்த நொடி வண்டி எங்கே இருக்கும் என்று உங்கள் கணினி ஊகித்துப் படம் போடும். ஊகம் தப்பினால் வண்டி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் துள்ளும். இரண்டு வண்டி மோதினால் யார் கணினியில் நடந்த மோதலை உண்மை என்று எடுத்துக்கொள்வது? இதோடு நீங்கள் இடித்த சுவர் பக்கத்தில் இருப்பவர் திரையிலும் இடிந்திருக்க வேண்டும், உடைந்த துண்டு எங்கே விழுந்தது என்பதும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையையும் அன்றைய இணைய வேகத்தில், நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில். குறிவைத்தால் கணக்கு பார்த்துக்கொள்ளும் என்ற முறை இந்தச் சிக்கலுக்கு ஒரு புத்திசாலித்தனமான சமாளிப்பு என்பது என் எண்ணம். அதைச் சமாளிப்பு என்று பார்க்காமல் வடிவமைப்புக் குறை என்று விமர்சகர் எழுதினால் அவரையும் குற்றம் சொல்ல முடியாது, ஆடுகிறவருக்குக் காரணம் எதற்கு?

கேம் கனமாக இருந்தது, நல்ல கணினியிலும் அங்கங்கே திக்கியது என்ற புகாரும் உண்டு. பொருட்களைச் செய்யும் பகுதி குழப்பமாக இருக்கிறது என்றார்கள். இவையெல்லாம் பேட்ச் (பின்னால் இறக்கிக்கொள்ளும் திருத்தக் கோப்பு) போட்டுச் சரிசெய்யக்கூடியவை, இவற்றால் ஒரு கேம் சாவதில்லை.

மூன்றாவது குறை, விமர்சனங்களில் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துபோன குறை: ஆள் இல்லை. பரந்த பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டே போகலாம், இன்னொரு மனிதர் எதிரே வரமாட்டார். வந்தாலும் பேச முடியாது. ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை துப்பாக்கியில் இருக்கும்போது எந்தக் கையால் தட்டச்சு செய்வது? மற்ற கேம்களில் சண்டைக்கு நடுவே நின்று மூச்சு வாங்கும் நேரத்தில்தான் அரட்டையும் நட்பும் உண்டாகும். இதில் நிற்கவே விடமாட்டார்கள். வேகம் என்று எதைப் பாராட்டினார்களோ அதுவேதான் ஆட்களைச் சேரவிடாமல் செய்தது என்பதை ஒரே கட்டுரையில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் படித்தால்தான் பார்க்க முடியும்.

நம் சென்டரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கூட்டமாக வந்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேமைக் கேட்பார்கள். பழைய கேம், படம் சுமார், வரைபடம் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் “டேய், மேல நிக்கிறான்டா” என்று பக்கத்து நாற்காலிக்காரன் கத்துவதில் பாதி சுகம். எந்த விமர்சனத்தையும் படித்துவிட்டு யாரும் அதை ஆடவில்லை, அண்ணன் ஆடினான், தம்பியும் ஆடினான். பலர் சேர்ந்து ஆடும் கேமுக்கு மதிப்பெண் போடுவதில் உள்ள சிரமம் இதுதான். விமர்சகர் கையில் இருப்பது மென்பொருள் மட்டும். விளையாட்டின் பாதி, அதை ஆட வருகிற ஆட்கள். அவர்கள் இன்னும் வந்து சேரவே இல்லை.

அதிலும் விமர்சகர் பார்க்கிற நேரம் இன்னொரு சிக்கல். கேம் வந்த முதல் சில வாரத்துக்குள் கட்டுரை வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் தொடக்கப் பகுதியிலேயே கூடியிருப்பார்கள், கூட்டம் இருப்பது போலத்தான் தெரியும். கல்லணையில் தண்ணீர் திறக்கிற அன்றைக்கு அங்கே நின்று பார்த்தால் ஆறு நிறையத்தான் போகும். கடைமடையில் வேதாரண்யம் பக்கத்து வாய்க்காலுக்கு அது வருமா வராதா என்று அங்கே நின்று சொல்ல முடியாது. நாற்பதாவது, ஐம்பதாவது லெவலில் ஆட ஆள் இருக்கிறதா, கூட்டாகச் செய்ய வேண்டிய மிஷனுக்குத் துணை கிடைக்கிறதா, மூன்று கட்சிகளுக்குள் நடக்க வேண்டிய சண்டைக்கு எதிராளி இருக்கிறாரா என்பதெல்லாம் மாதங்கள் போனபிறகே தெரியும். அப்போது திரும்பிப் போய் எழுத எந்தப் பத்திரிகைக்கும் நேரமில்லை. போதாக்குறைக்கு, மெட்டாகிரிட்டிக் ஒரு பத்திரிகை முதலில் கொடுத்த மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும், பிறகு மாற்றினாலும் சேர்க்காது. ஆகவே நீங்கள் இன்று பார்க்கிற எண், 2006 வசந்த காலத்தில் உறைந்துபோன எண்.

சரி, எழுபது வாங்கிய கேம் வேறு எதுவும் பிழைக்கவில்லையா? பிழைத்தது. அதே 2006 பிப்ரவரியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன்’ வந்தது. அதற்கும் ஏறக்குறைய இதே மாதிரியான வரவேற்புதான், சண்டை நன்றாக இருக்கிறது, உள்ளடக்கம் போதவில்லை என்று. திணறியது. ஆனால் 2009இல் அதை இலவசமாக்கி, வேண்டியவர் வேண்டியதை வாங்கிக்கொள்ளட்டும் என்று மாற்றினார்கள். எழுந்து நின்றுவிட்டது. இன்னொரு எடுத்துக்காட்டு, ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’. 2010இல் வந்தபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ஆட்டோ அசால்ட்டைவிடப் பல மடங்கு மோசமான வரவேற்பு. நிறுவனம் கேமையே ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாகச் செய்து 2013இல் திரும்பக் கொண்டுவந்தது. இன்று அது உலகின் பெரிய ஆன்லைன் கேம்களில் ஒன்று. ஆக, விமர்சனம் மட்டும் ஒரு கேமைக் கொல்வதில்லை. வெளியிடுகிறவருக்குக் காத்திருக்க மனமும் பணமும் இருக்கிறதா என்பது பெரிய விஷயம். என்சிசாஃப்ட் அந்த வகையில் பொறுமைக்குப் பெயர் போனதில்லை. 2007 நவம்பரில் வந்த ‘டாபுலா ராசா’வையும் 2009 பிப்ரவரியில் மூடினார்கள், அதுவும் ஒன்றரை வருஷத்துக்குள். ஆட்டோ அசால்ட்டுக்குக் கிடைத்தது 16 மாதம்.

காலண்டரையும் கொஞ்சம் பாருங்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அப்போது உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 2006 மார்ச்சில் அதன் சந்தாதாரர்கள் 60 லட்சம் என்று நிறுவனமே அறிவித்தது. அதே மார்ச்சில் ‘ஆப்ளிவியன்’ வந்து, தனியாக ஆடுகிறவர்களின் மாலை நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. எனக்கு இன்றுவரை புரியாத விஷயம் ஒன்று: ஆட்டோ அசால்ட் வந்து இரண்டே வாரத்தில், ஏப்ரல் 28ஆம் தேதி, அதே என்சிசாஃப்ட் ‘கில்ட் வார்ஸ் ஃபேக்ஷன்ஸ்’ஸை வெளியிட்டது. கில்ட் வார்ஸுக்கு மாதச் சந்தாவே கிடையாது, ஒருமுறை வாங்கினால் போதும். ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில், ஒன்றுக்கு மாதம் 15 டாலர், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை. விமர்சனம் எழுதுகிறவருக்கு கேம் இலவசமாக வந்துவிடும், சந்தாவும் அவர் கையிலிருந்து போவதில்லை. அதனால் “வார்கிராஃப்டுக்கு ஏற்கெனவே 15 டாலர் கட்டுகிற ஒருவர், அதை நிறுத்திவிட்டு இதற்கு வருவாரா?” என்ற ஒரே முக்கியமான கேள்வி பல கட்டுரைகளில் ஓரத்துக்குப் போய்விட்டது. இரண்டு சந்தா கட்டுகிறவர்கள் எப்போதுமே குறைவு.

நம் பக்கம் கணக்கு இன்னும் வேடிக்கை. அன்றைக்கு டாலர் சுமார் 45 ரூபாய். 15 டாலர் என்றால் 675 ரூபாய். அப்போது பி.எஸ்.என்.எல். அகலப்பட்டையில் மாதம் 250 ரூபாய்த் திட்டம் இருந்தது, 400 எம்பி வரை. இணைப்பின் விலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேலே ஒரு கேமுக்கு. கட்டுவதற்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனை செய்யும் கிரெடிட் கார்டு வேண்டும். நாலு பேட்ச் இறங்கினால் அந்த மாதத்து 400 எம்பி காலி. காவிரிக் கரையில் இதை யாரும் ஆடாததற்கு எந்த விமர்சனமும் காரணமில்லை. உங்கள் சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கினார் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது, இங்கே கடையில் நான் அந்தப் பெட்டியைப் பார்த்ததே இல்லை.

வண்டிச் சண்டை கேமுக்கு ராசி இல்லை என்று சிலர் சொல்வார்கள், அதை நான் ஏற்கவில்லை. மேசையில் அட்டை வைத்து ஆடும் ‘கார் வார்ஸ்’ 1980களின் தொடக்கத்திலேயே வந்து, அதை ஒட்டி 1985இல் ‘ஆட்டோடூயல்’ கணினிக்கு வந்தது. 1997இல் ‘இன்டர்ஸ்டேட் 76’, ‘கார்மகெடான்’ இரண்டும் பெயர் வாங்கின. ஆசை எப்போதும் இருந்தது. ஆன்லைனில் சந்தா வாங்கி நடத்துவதுதான் தடுக்கியது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘மோட்டார் சிட்டி ஆன்லைன்’ (இது பந்தயம், சண்டை இல்லை) 2001இல் தொடங்கி 2003இல் மூடப்பட்டது.

ஆட்டோ அசால்ட் தயாராகிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ரஷ்யாவில் டார்ஜெம் என்ற நிறுவனம் ‘எக்ஸ் மெஷினா’ என்று ஒரு கேம் செய்தது. அழிந்த உலகம், ஆயுதம் மாட்டிய டிரக், லெவல், வியாபாரம், ஆனால் தனியாக ஆடுவது. அதே நிறுவனம் பின்னால் 2017இல் கைஜின் வெளியீடாகக் கொண்டுவந்ததுதான் ‘கிராஸ்அவுட்’. ஆட்டோ அசால்ட் பட்ட பாட்டுக்கெல்லாம் அது பதில் வைத்திருப்பதைப் பார்க்கலாம். பெரிய உலகம் கிடையாது, குறுகிய களத்தில் எட்டுப் பேருக்கு எட்டுப் பேர், சில நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். அதனால் ஆள் குறைந்தாலும் பாலைவனமாகத் தெரியாது. சந்தா இல்லை, இலவசம். வண்டியைத் துண்டு துண்டாக நீங்களே கட்டலாம். சக்கரத்தைச் சுட்டால் சக்கரம் கழன்று ஓடும், துப்பாக்கியைச் சுட்டால் துப்பாக்கி போய்விடும். எங்கே அடிக்கிறீர்கள் என்பதற்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு.

அதன் வரவேற்பும் கலவைதான், ஆனால் கலவையின் சேர்மானம் வேறு. வண்டி கட்டுவதை ஏறக்குறைய எல்லோரும் புகழ்ந்தார்கள். திட்டு வந்தது வேறு இடத்திலிருந்து: நல்ல பாகம் வேண்டுமென்றால் நாள்கணக்கில் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும், இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டும். பாகங்களை ஆடுகிறவர்களே வாங்கி விற்கும் சந்தை உள்ளேயே இருக்கிறது, அதில் விலை பார்த்து விற்பதே சிலருக்குத் தனி விளையாட்டு. இந்தத் திட்டு முதல் வாரத்துப் பத்திரிகை விமர்சனத்தில் லேசாகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடியவர்கள் ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் எழுதியதில் கனமாக இருக்கும்.

உங்கள் புராஜெக்டுக்கு இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். 2006இல் இல்லாத ஒரு வசதி இப்போது இருக்கிறது. ஸ்டீமில் விமர்சனம் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே தெரியும். 2016இலிருந்து ‘சமீபத்திய விமர்சனங்கள்’ என்று தனியாகவும் பிரித்துக் காட்டுகிறார்கள். கிராஸ்அவுட்டை எடுத்து, பத்து மணி நேரத்துக்குள் எழுதியவர்கள் எதைப் புகழ்கிறார்கள், ஐந்நூறு மணி நேரம் ஆடியவர்கள் எதைத் திட்டுகிறார்கள் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். ஆட்டோ அசால்ட்டுக்கு இது முடியாது. அதற்கு 2006 ஏப்ரல், மே மாதக் கட்டுரைகளைத்தான் படிக்க வேண்டும். பல தளங்கள் இப்போது இல்லை, இணையக் காப்பகத்தில் தேடினால் சில கிடைக்கும். படிக்கும்போது மதிப்பெண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, ஆட்களைப் பற்றி எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள், வண்டியைப் பற்றி எத்தனை வரி என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். கிராஸ்அவுட்டை நீங்களே ஆடிப் பார்க்க நினைத்தால், முதலில் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். மன்னார்குடியில் வீட்டுக்கு ஃபைபர் இருந்தால் அதில் ஆடுங்கள், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேண்டாம், வண்டி துள்ளும்.